வீட்டில் மட்டும் இரண்டு கால்

பிரேயர் நடக்கும் சிமெண்டுத் தரையில் இந்தியா மல்லாந்து கிடந்தது. தலை கழிப்பறைச் சுவரோரம், கால் தண்ணீர்க் குழாயோரம். டி. கல்லுப்பட்டியிலிருந்து வந்த பெயிண்டர் இடுப்பொடியக் குனிந்து வரைந்தது. மாநிலத்துக்கு ஒரு நிறம், நடுவில் வெள்ளைக் கோடு. கோவாவில் ஒரு பிள்ளையாவது நிற்க வேண்டும் என்று அஸ்வினி டீச்சர் கேட்டதால் கோவாவை மட்டும் கொஞ்சம் ஊதிவிட்டிருந்தார். சிக்கிமும் திரிபுராவும் அப்படித்தான். அண்டை நாடுகளுக்கு நிறம் கிடையாது. வெறும் சிமெண்டில் பெயர் மட்டும்: பாகிஸ்தான், நேபாளம், பூடான், வங்கதேசம். இலங்கை குழாயடியில் இருந்தது. எந்நேரமும் ஈரம்.

எழுமலைக்குப் பக்கத்து ஊர். அரசு நடுநிலைப் பள்ளி. அஸ்வினி அங்கே சமூக அறிவியல் எடுத்தாள். சொந்த ஊரும் அதுதான்.

படத்தைப் பார்த்த அன்றே பிள்ளைகள் அதைப் பாண்டி ஆடும் கட்டமாக்கிவிட்டார்கள். ஓட்டுச் சில்லை ஏதாவது ஒரு மாநிலத்தில் எறிய வேண்டும். ஒற்றைக் காலால் நொண்டிப் போய் அதை எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டும். அஸ்வினி இரண்டு விதிகளைச் சேர்த்தாள். எல்லை தொடும் மாநிலத்துக்குத்தான் தாவலாம். தாவும்போது அதன் பெயரைச் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் பழைய பாண்டி விதிதான். சில்லு கிடக்கும் கட்டத்தை மிதிக்கக் கூடாது. தமிழ்நாடுதான் வீடு. வீட்டில் மட்டும் இரண்டு காலும் ஊன்றலாம்.

பாடம் நன்றாக ஏறியது. அதற்கு வேறு காரணமும் உண்டு. அந்த ஊரில் வீட்டுக்கு ஒருவராவது முறுக்கு வியாபாரத்துக்கு வெளி மாநிலம் போனவர்கள். வகுப்பில் சத்தீஸ்கர் எங்கே என்று கேட்டால், "எங்க சித்தப்பா இருக்காரு டீச்சர்" என்று ஒரு கை எழும். தெலங்கானா என்றால் இரண்டு கை. மகாராஷ்டிராவுக்குப் பாதி வகுப்பே எழும்.

பீகாருக்கு யாரும் கை தூக்குவதில்லை. பீகார் டீச்சரின் தம்பியுடையது என்று பிள்ளைகளுக்குத் தெரியும்.

விக்ரம் முறுக்குக் கம்பெனியோடு பீகாருக்குப் போனான். நேபாள எல்லையில் ஒரு சின்ன ஊர். சைக்கிளில் டின்னைக் கட்டிக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விற்றான். "இந்தா, ரோட்டுக்கு அங்கிட்டு வேற நாடுக்கா" என்றான் ஒருநாள் போனில். "ஒரு கேட்டுகூட ஒழுங்கா இல்ல. மாடு போகுது, மாடு வருது. ஒனக்கு ஒரு பாடத்துக்கு ஆகும், எழுதி வச்சுக்க." அதற்குப் பிறகு அவனிடமிருந்து போன் வரவில்லை. மூன்று வருஷம் ஆகிறது. கம்பெனிக்காரர் தேடிப் பார்த்ததாகச் சொன்னார். போலீஸும் தேடுவதாகச் சொன்னது.

அப்பா பேயாண்டி போகவில்லை.

"எங்கிட்டுனு போய்த் தேடச் சொல்ற?" என்றார் அப்போது. "மதுரையத் தாண்டுனா எனக்கு எல்லாம் வடக்கதான். வடக்கன்னா எம்புட்டு வடக்க? பாஷை தெரியுமா, ஊரு தெரியுமா எனக்கு?"

அம்மா தங்கப்பொண்ணு அன்றிலிருந்து அவரோடு தேவைக்கு மேல் பேசுவதில்லை.

ஆடி பிறந்து காற்று கிளம்பியிருந்தது. ஒரு திங்கட்கிழமை காலை, ஏழாம் வகுப்பு ரோகிணி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"டீச்சர், நேபாளத்துல யாரோ மிதிச்சு வச்சிருக்காங்க."

ஒரே ஒரு தடம். இடது கால். சாம்பல் நிறச் சேறு, காய்ந்திருந்தது. கழிப்பறைச் சுவருக்கும் பீகாருக்கும் நடுவில். விரல்கள் தெற்கே பார்த்தன.

அஸ்வினி சூர்யபிரகாஷைக் கூப்பிட்டாள். பள்ளியில் எது நடந்தாலும் முதலில் அவனைக் கூப்பிடுவது வழக்கம்.

"நானில்ல டீச்சர். வேணும்னா என் கால வச்சுப் பாருங்க." அவனே வைத்துக் காட்டினான். தடத்துக்குள் அவன் பாதம் தொலைந்து போனது. "பெரிய ஆளு கால் டீச்சர். ஆனா நாலு விரல்தான் இருக்கு."

ஒரு வாளித் தண்ணீர் ஊற்றித் தேய்த்துவிட்டாள். குனிந்து பார்க்கவில்லை.

மறுநாள் தடம் பீகாரில் இருந்தது. அதே இடது கால். அதே தெற்கு.

இந்த முறை குனிந்தாள். சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. விக்ரமுக்குச் சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும், தரையைத் தொடாது. அப்பாவுக்கும் அப்படியே. "ஒங்கப்பன் ஒனக்குக் குடுத்த சொத்து இது ஒண்ணுதான்டா" என்று அம்மா அந்த விரலைப் பிடித்து ஆட்டுவாள்.

ரோகிணி தடத்தின் ஓரத்தைக் கிள்ளி விரல்களுக்கிடையே தேய்த்தாள். "மாவு மாதிரி இருக்கு டீச்சர். நம்மூரு மண்ணு நறநறங்கும்."

பின்னாலிருந்து யாரோ பரீட்சைக்கு ஒப்பிப்பதுபோல் மெதுவாகச் சொன்னார்கள். "வண்டல் மண். கங்கைச் சமவெளியில் காணப்படுகிறது."

யாரும் சிரிக்கவில்லை.

தலைமையாசிரியர் பாகீரதி தல்லாகுளத்திலிருந்து பஸ் மாறி வந்து சேர்வதற்குள் முதல் பீரியட் தொடங்கிவிடும். வந்ததும் கைப்பையைக்கூட வைக்காமல் வந்து பார்த்தார்.

"கேட் பூட்டு சரியில்லன்னு நானும் எழுதிப் போட்டுண்டே இருக்கேன். குடிச்சிட்டு எவனோ உள்ள வரான். ப்ளீச்சிங் பவுடர் போட்டு அலம்பச் சொல்லுங்கோ, அஸ்வினி."

"சரி மேடம்."

அலம்பச் சொல்லவில்லை. ஆடிக் காற்று மைதானத்து மண்ணையெல்லாம் வாரிக்கொண்டு போனது. அந்தச் சாம்பல் தூள் மட்டும் அசையவில்லை.

அதன் பிறகு ஜார்கண்ட். பீகாரில் இருந்த தடம் சுவடில்லாமல் போயிருந்தது; ஒவ்வொரு முறையும் அப்படித்தான். ஆட்டம் நின்றது. பிள்ளைகள் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே வரிசையாகக் குந்தி உட்கார்ந்து, கிரிக்கெட் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

"அடுத்து மேற்கு வங்கம் போகலாம்."

"அங்கிட்டு எதுக்குப் போறாக? சுத்து. சத்தீஸ்கர் போகலாம்."

"ஒடிசாடா. ஒடிசா, ஆந்திரா, வீடு. அதான் நேர்வழி."

ஒடிசாவுக்குத்தான் வந்தது.

பிள்ளைகள் வாய் சும்மா இருக்குமா. ஊருக்குள் பேச்சுப் பரவியது. அன்று சாயங்காலம் அஸ்வினி வீட்டுக்குப் போனபோது பேயாண்டி வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து வேட்டிக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார். ஆடி அமாவாசைக்குத் திதி கொடுக்கச் சுருளி அருவிக்குக் கட்டிக்கொண்டு போகும் வேட்டி.

"அப்பா. விக்ரமுக்கு எள்ளுந் தண்ணியும் விட வேணாம்."

"கோடாங்கி சொல்லிட்டான். அவன் குளுந்த மண்ணுல கெடக்கான்னு உடுக்கையடிச்சுச் சொல்லிட்டான். இன்னும் எத்தன அமாவாசைக்குப் பட்டினி போடச் சொல்ற அவன?"

"அவன் உசுரோட இருந்தா?"

"உசுரோட இருக்கவன் போன் போடுவான்."

"தண்ணி விட்டுட்டா அவன் திரும்பி வர முடியாதுப்பா. நீங்கதான சொல்வீங்க. தண்ணி வாங்குனவன் வாசல் ஏறக் கூடாதுன்னு."

அவர் வேட்டியைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தார். "ஏத்தா, பள்ளிக்கூடத்துல கால் தடம் வருதாம்ல. நாலு விரலு."

அவள் தோள்பையை இறக்கி வைத்தாள்.

"உசுரோட இருக்கவன் பஸ்ஸு ஏறி வருவான். படத்து மேல நொண்டிக்கிட்டு வரமாட்டான்" என்றார். "வாரது யாருன்னு யோசி."

அதற்கு அடுத்த காலை தடம் ஆந்திராவில் இருந்தது. விரல் நுனிகள் தமிழ்நாட்டு எல்லைக் கோட்டை முட்டின. தமிழ்நாட்டின் நடுவில், மதுரை இருக்கும் இடத்தில், ஒரு கல் இருந்தது.

உடைந்த அம்மிக் குழவியின் பாதி. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கறுப்புக் கயிறு சுற்றியிருந்தது. பிள்ளைகள் எட்டி நின்றார்கள். அஸ்வினிக்கு அந்தக் குழவி தெரியும். அவள் வீட்டுக் கொல்லையில் துவைக்கிற கல்லுக்கு அண்டைகொடுத்து வைத்திருந்தது.

"டீச்சர், வீட்டுல சில்லு கெடக்கு" என்றான் சூர்யபிரகாஷ். "இப்ப எப்பிடி உள்ள வருவாங்க?"

"கர்நாடகா வழியாச் சுத்தி வரலாம்டா" என்றாள் ரோகிணி.

"எந்த வழியா வந்தா என்ன? சில்லு வீட்டுலதான கெடக்கு."

பாகீரதி மேடம் கல்லை எடுக்கச் சொன்னார். சத்துணவு அக்கா கும்பிட்டுவிட்டு விலகிப் போனாள். மேடமே குனியப் போனார், கறுப்புக் கயிற்றைப் பார்த்தார், நிமிர்ந்தார். "உங்க ஊர்க்காரா வெச்சது. நீங்களே பேசி எடுக்கச் சொல்லுங்கோ" என்று உள்ளே போய்விட்டார்.

அடுத்த நாளும் தடம் ஆந்திராவில்தான் இருந்தது. அதற்கடுத்த நாளும். ஆனால் அது ஒரு தடமாக இல்லை. ஒன்றின்மேல் ஒன்றாக, சற்று முன்னும் சற்றுப் பின்னும், சற்றுத் திரும்பியும். ஒற்றைக் காலில் நிற்கிறவன் விழாமலிருக்கத் தத்தித் தத்தி மிதித்ததுபோல. எத்தனை முறை மிதித்தானோ, சேறு ஒரு விரற்கடை மேடாகிவிட்டது. எல்லைக் கோட்டைத் தாண்டி ஒரு பொட்டுச் சேறு இல்லை.

அஸ்வினியால் வகுப்பெடுக்க முடியவில்லை. ஜன்னல் வழியாக ஆந்திரா தெரிந்தது.

வீட்டில் அப்பாவிடம் நேராகக் கேட்டாள். "கல்லு நீங்கதான வச்சீங்க?"

"ஆமா."

"எதுக்குப்பா?"

"தண்ணி வாங்காம வாரது சும்மா வராது. வீட்டுல ஒருத்தரக் கூட்டிக்கிட்டுத்தான் போகும்னு கோடாங்கி சொல்றான். ஒங்கம்மா ஏற்கெனவே மூச்சுக்குத் திணறுறா. அமாவாசை வரைக்கும் கல்லு இருக்கட்டும். நான் போய்த் தண்ணி விட்டுட்டு வந்து எடுக்கேன். அதுவரைக்கும் நீ கைய வச்ச, நான் மனுசனா இருக்கமாட்டேன்."

அவர் குரல் உயரவில்லை. அதனாலேயே அவளுக்குப் பயமாக இருந்தது. அம்மாவுக்கு இளைப்பு இருந்தது, அது பொய்யில்லை. ராத்திரியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்குவாள்.

கல்லைத் தொடாமல் இருந்தாள்.

அமாவாசைக்கு முந்தின மதியம் பேயாண்டி உள்ளூர்க்காரர்களோடு வேன் ஏறிச் சுருளிக்குக் கிளம்பினார். அருவிக்கரையில் தங்கி, விடியலில் குளித்துத் தண்ணீர் விடுவது ஏற்பாடு. பையில் எள், பச்சரிசி, தர்ப்பை. தங்கப்பொண்ணு வாசலுக்கு வரவில்லை.

சாயங்காலம் அஸ்வினி அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பள்ளியில் நடந்ததை இதுவரை அவளிடம் யாரும் சொல்லவில்லை என்று நினைத்திருந்தாள். சொல்ல ஆரம்பித்தாள்.

"தெரியும்" என்றாள் தங்கப்பொண்ணு. "ஆந்திராவுல நிக்கிறான்."

"அப்பா சொல்றாரு, வந்தா ஒன்னையக் கூட்டிட்டுப் போயிருவான்னு."

அம்மா வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். மூச்சு விசிலடித்தது.

"கூட்டிட்டுப் போனாப் போறான். ஏம்புள்ளகூடப் போறதுக்கு எனக்கென்ன?" என்றாள். பிறகு, "ஒத்தக் கால்ல எம்புட்டு நேரம்டி நிப்பான்?" என்றாள்.

அஸ்வினி எழுந்து பள்ளிக்கு நடந்தாள். வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. பூட்டு சரியில்லாத கேட்டைத் தள்ளினாள். தமிழ்நாட்டுக்குள் இரண்டு காலையும் ஊன்றி நின்று கல்லைத் தூக்கினாள். நினைத்ததைவிடக் கனம் குறைவு. குழாயடிக்குக் கொண்டுபோய் மஞ்சளும் குங்குமமும் போகக் கழுவி, கயிற்றை அறுத்து, சுவருக்கு அப்பால் போட்டாள். திரும்பும்போது ஆந்திராப் பக்கம் பார்க்கவில்லை. "வாடா" என்று மட்டும் சொன்னாள்.

காலையில் விடிந்தும் விடியாமல் போனாள். ரோகிணியும் சூர்யபிரகாஷும் அவளுக்கு முன்பே கேட்டருகில் நின்றிருந்தார்கள். உள்ளே போகவில்லை.

தமிழ்நாட்டில் தடம் இருந்தது. இடது கால். நாலு விரல். கல் இருந்த அதே இடத்தில். சேறு இன்னும் காயவில்லை.

ஒன்றுதான் இருந்தது.

"வீட்டுக்கு வந்துட்டா ரெண்டு காலும் ஊனலாம்ல டீச்சர்?" என்று கேட்டாள் ரோகிணி. "ஏன் ஊனல?"

அஸ்வினி போனை எடுத்தாள். அப்பா எடுக்க வேண்டும். குளிக்கப் போகாமல் இருக்க வேண்டும். எள்ளை எடுத்திருக்கக் கூடாது. நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறார் என்று ஒரு பெண் சொன்னாள். மறுபடி அழைத்தாள். அந்தப் பெண் மறுபடி சொன்னாள். வேன் டிரைவருக்கு அழைத்தாள். அவரும் எல்லைக்கு அப்பால்தான் இருந்தார். மலையடிவாரம், டவர் கிடைக்காது.

பேயாண்டி உச்சி சாய்ந்து வந்தார். ஈரவேட்டி பையில். தலை காய்ந்து நெற்றியில் விபூதி. நகக்கண்ணில் ஒரு எள் ஒட்டியிருந்தது.

"முடிஞ்சது" என்றார்.

"வந்துட்டான்ப்பா" என்றாள் அஸ்வினி. "நேத்தே கல்ல எடுத்துட்டேன். காலையில வந்துட்டான்."

அவர் பையைக் கீழே வைக்கவில்லை. "எத்தன மணிக்கு?"

"தெரியல. விடியும்போது சேறு காயாம இருந்துச்சு."

"நானும் விடியும்போதுதான்." விரலைப் பார்த்தார். எள்ளைத் தட்டிவிடப் போனார். தட்டவில்லை. "ஐயரு பேரக் கேட்டாரு. மூணு தடவ சொல்லச் சொன்னாரு. சொன்னேன்."

தங்கப்பொண்ணு அன்று முழுக்க வாசல் கதவைத் திறந்தே வைத்திருந்தாள். வாசல்படியைக் கழுவி, கோலம்கூடப் போட்டிருந்தாள், அமாவாசையன்று போடக் கூடாது என்று தெரிந்தும். பொழுது இறங்கியதும் யாரையும் பார்க்காமல் கேட்டாள். "ஊருக்கு வந்தவன் ஏன் வீட்டுக்கு வரல?"

பேயாண்டி சாப்பிடவில்லை.

மறுநாள் தடம் தமிழ்நாட்டிலேயே இருந்தது. திரும்பியிருந்தது. குதிகால் தெற்கே, விரல்கள் வடக்கே.

அதற்கடுத்த நாள் ஆந்திரா.

பிள்ளைகள் இந்த முறை அடுத்து எது என்று பேசிக்கொள்ளவில்லை. பிரேயர் மணி அடித்தது. வரிசையில் நின்றார்கள். தமிழ்த்தாய் வாழ்த்து பாதியில் இருக்கும்போது கேட் திறந்த சத்தம் கேட்டது.

பேயாண்டி. மேல்சட்டை இல்லை. துண்டு மட்டும். செருப்பைக் கேட்டருகில் கழற்றிவிட்டு, வரிசைகளுக்கு நடுவே வந்தார். பாகீரதி மேடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அஸ்வினி கையைக் காட்டி நிறுத்தினாள்.

பாட்டு முடிந்தது.

அவர் தமிழ்நாட்டில் வந்து நின்றார், இரண்டு காலும் ஊன்றி. படத்தைப் பார்த்தார். அதற்குமுன் அவர் அதைச் சரியாகப் பார்த்ததில்லை. இருட்டில் வந்து கல்லை வைத்துவிட்டுப் போனதோடு சரி.

"இதுல எங்கிட்டு இருக்கான்?"

"ஆந்திராப்பா. ஒங்களுக்கு நேர் முன்னால."

வலது காலைத் தூக்கினார். முழங்காலில் சொடுக்குக் கேட்டது. தாவப் போனவரைச் சூர்யபிரகாஷ் தடுத்தான்.

"தாத்தா, சில்லு போடாம ஆடக் கூடாது."

யாரும் அவனை அதட்டவில்லை. டவுசர் பையிலிருந்து ஓட்டுச் சில்லை எடுத்து நீட்டினான். பேயாண்டி வாங்கிக்கொண்டார்.

"எங்க போடணும்?"

"எங்க போகணுமோ அங்க."

அவர் அஸ்வினியைப் பார்த்தார். அவள் கழிப்பறைச் சுவர்ப் பக்கம் கை காட்டினாள். பலங்கொண்ட மட்டும் எறிந்தார். சில்லு பீகாரைத் தாண்டி, நிறமில்லாத சிமெண்டில் விழுந்து உருண்டு, நேபாளத்தில் நின்றது.

தாவினார். ஆந்திராவில் மகன் மிதித்த இடத்தில் இடது கால் விழுந்தது. அவர் பாதத்தைச் சுற்றி, கொஞ்சம் பெரிதாக, சாம்பல் நிற ஓரம் தெரிந்தது. சுண்டுவிரல் இரண்டு பேருக்கும் தரையில் படவில்லை. தடுமாறினார். துண்டு நழுவி விழுந்தது. அஸ்வினி ஓரடி முன்னால் வந்தாள்.

"பிடிக்கக் கூடாது டீச்சர்" என்றாள் ரோகிணி. "பிடிச்சா அவுட்டு."

அஸ்வினி நின்றுகொண்டாள்.

"பேரச் சொல்லிட்டுத் தாவணும் தாத்தா. அடுத்து ஒடிசா."

"ஒடிசா" என்றார் பேயாண்டி. தாவினார். நெஞ்சு ஏறி இறங்கியது. ஒற்றைக் காலில் அவர் உடம்பு காற்றில் ஆடும் பனைமட்டைபோல் ஆடியது. கீழே பார்த்தார். அங்கே தடம் எதுவும் இல்லை. இன்னும் வரவில்லை, அல்லது அவர் முந்திவிட்டார். எதிரே கோடும் நிறமுமாகக் கிடந்தது, அவர் வடக்கே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது அவ்வளவும்.

"அடுத்து எங்கிட்டுத்தா?" என்று கேட்டார்.

"நேரா, தாத்தா. ஜார்கண்ட்."